ரெண்டு கை போட்ட விரிப்பு

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தா. ஊரு கோவில்பட்டி. வாயாடி யாருன்னு கேக்காத, நான்தான். கால நீட்டிப் படு. நான் சொல்லச் சொல்ல ‘ம்’ போடணும், போடலன்னா கதைய நிறுத்திருவேன்.

ம்.

அப்போ எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம். உங்க தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி, பேரு மங்கை. எனக்கு நாத்தனா. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, ஒரே தட்டுல முறுக்கு தின்போம். எனக்கு குரோஷா நல்லா வரும். ஊசி முனையில சின்னதா ஒரு கொக்கி இருக்கும்லா, அதால நூல இழுத்து, கண்ணிக்குள்ள கண்ணி கோத்து, சரக் சரக்குன்னு போட்டுக்கிட்டே போவேன். எங்க வீட்டு ரேடியோவுக்கு ரோசாப்பூ வச்சு ஒரு உறை போட்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் மங்கையப் பொண்ணு பாக்க வந்தாவ. எங்க அத்தை, அதான் எம் மாமியார், அந்த உறையக் காட்டி, “இது எங்க மங்கை போட்டது”ன்னு பெருமையா அளந்து விட்டாக. நாந்தான் வாயாடியாச்சே. களுக்குன்னு சிரிச்சுட்டு, “அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது, இது நான் போட்டது”ன்னுட்டேன். வந்தவுக காப்பியக் குடிச்சாவ, போனாவ. அப்புறம் ஆளும் வரல, கடுதாசியும் வரல.

ம்...

மங்கை எங்கூடப் பேச்ச நிறுத்திட்டா. ஏழு மாசம்ட்டி. ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரு வார்த்த கிடையாது. என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா பூனையப் பாத்துச் சொல்லுவா. “பூன, உப்பு தீந்து போச்சு”ம்பா. ஆனா ரோசக்காரி. அடுத்த தெரு அக்காட்டப் போய் குரோஷா படிச்சுட்டு வந்துட்டா.

அப்புறம் அடுத்த சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா தையல் டீச்சர். “நகை நட்டு எதுவும் வேண்டாம். பொண்ணு தன் கையால ஒரு கட்டில் விரிப்பு போட்டுக் கொண்டு வரட்டும், போதும்”னுட்டாக. மங்கை உக்காந்து போட்டா, போட்டா, போட்டுக்கிட்டே இருந்தா. கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள் இருக்கும்போது பாத்தா, பாதி விரிப்புதான் முடிஞ்சிருக்கு. எங்க அத்தை என்னைய அடுக்களைக்குள்ள இழுத்து, “மிச்சத்த நீ போட்டுரு தாயி. ரெண்டையும் நடுவுல சேத்துருவோம். வெளிய மூச்சு விடக்கூடாது”ன்னாக. மங்கை நூல் பந்தத் தொப்புன்னு என் மடியில போட்டுட்டுப் போயிட்டா.

எனக்கு அழுகையா வந்துச்சு. ஒரு சம்பந்தத்தக் கெடுத்தாச்சு, இதையாவது கரையேத்தணுமேன்னு.

அப்போ போட ஆரம்பிச்சேன். அவ எத்தன கண்ணி போட்டாளோ அத்தன கண்ணி, அதே நூலு, அதே ஊசி. நாலு நாள் கழிச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, நான் போட்டது அவ போட்டதவிட ஒரு சாண் குறுகிக் கிடக்கு. அப்பவெல்லாம் எனக்குக் கோவக் கை. நூல இழுத்துப் பிடிச்சுப் போடுவேன், கண்ணி இறுகிப் போகும். அவளுக்குப் பூப்போல கை. நூல் முனையப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன், சர்ர்ர்ருன்னு நாலு நாள் வேலையும் மடியில வந்து விழுந்துச்சு.

ரெண்டாவது தடவ பெரிய ஊசி வாங்கிட்டு வந்து போட்டேன். அது கொசுவலை கணக்கா ஓட்ட ஓட்டையா வந்துச்சு. மறுபடியும் சர்ர்ர்.

முழிச்சுதான இருக்க?

ம்.

மூணாவது தடவ ஊசிய எடுக்கல. நேர மங்கைகிட்டப் போனேன். “மங்கை, அன்னைக்கு நான் சொன்னது தப்பு”ன்னேன். அவ பூனையத் தேடினா. பூன அன்னைக்கு வீட்ல இல்ல. வேற வழியில்லாம என்னையப் பாத்தே சொன்னா. “நீங்க சொன்னது தப்பில்ல மதினி, உண்மைதான். பொய் சொன்னது எங்கம்மா. ஆனா நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்கல்லா, அதத்தான் என்னால தாங்க முடியல.”

ஏழு மாசமா நான் வருத்தப்பட்டதெல்லாம் வேற எதுக்கோ. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதோம். அப்புறம் அவ பக்கத்துலயே உக்காந்து, அவ நூல எப்படி விரல்ல தளர விடுதான்னு பாத்துப் பாத்துப் போட்டேன். அப்படியும் ரெண்டு விரல் அகலம் குறைஞ்சுது. பிரிச்சுப் போட நாளில்ல. இழுத்து வச்சு நடுவுல சேத்துட்டோம்.

கல்யாணம் ஆச்சு. மறுவீட்டன்னைக்கு அவுக வீட்டுக் கட்டில்ல விரிப்ப விரிச்சாவ, சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் நிக்காக. அந்த டீச்சரம்மா நடுவுல ஒரு தடவு தடவுனாக. “இது ஒரு கை போட்டது இல்லையே”ன்னாக. என் வாழ்க்கையில முதல் தடவையா நான் வாயத் தொறக்கல. அது மங்கை சொல்லவேண்டியது. எங்க அத்தை ‘சொல்லாத, சொல்லாத’ன்னு மங்கைக்குக் கண்ணக் காட்டுதாக.

மங்கை முன்னால வந்தா. “ஆமா அத்தை. இந்தப் பாதி நான் போட்டது. அந்தப் பாதி எங்க மதினி போட்டது. எனக்கு நாள் பத்தல”ன்னா.

“எல்லாம் நான்தான் போட்டேன்னு சொல்லிருக்கலாமே”ன்னாக டீச்சரம்மா.

“சொல்லிருக்கலாம். அப்புறம் தினம் இதுமேலதான படுக்கணும்”னா மங்கை.

டீச்சரம்மா அவ கையப் பிடிச்சு அந்தக் கட்டில்ல உக்கார வச்சாக. எங்க அத்தைக்கு அப்பத்தான் உசிரு வந்துச்சு.

ம்...ம்.

ஒரு மாசம் கழிச்சு மங்கைட்ட இருந்து இன்லேண்டு லெட்டர் வந்துச்சு. எல்லாரையும் விசாரிச்சிட்டு, கடைசி மடிப்புல எனக்கு மட்டும் எழுதியிருந்தா. “மதினி, நான் போட்ட பாதி இப்பவே தொளதொளன்னு தொங்குது. அதுல அவுகளப் படுக்கச் சொல்லிட்டேன். நான் உங்க பக்கத்துலதான் படுக்கேன்.”

ஏட்டி... ‘ம்’மையே காணோம். சரி, கதை கட்டில்ல ஏறிட்டு, நீயும் தூங்கு தாயி.