கருங்குரங்கு மாற்றிய வழிக்குறிகள்

ஈச்சங்காட்டில் கோடை வந்தால் தண்ணீர் ஒரே ஒரு மடுவில்தான் இருக்கும். அங்கே போகும் பாதை ஐந்து இடங்களில் இரண்டாகப் பிரியும். நான்கு இடங்களில் வழி தவறினால் முள்ளில் சுற்றிவிட்டுத் திரும்பலாம். மூன்றாவது பிரிவில் தவறினால் புதைசேறு.

அதனால் ஒவ்வொரு பிரிவிலும், தண்ணீருக்குப் போகும் பக்கத்தில் ஒரு கல் இருக்கும். கல்லை வைப்பது கருங்குரங்கின் வேலை. யானைகள் நடந்தால் கல் உருண்டுவிடும். மழை வந்தால் அடித்துக்கொண்டு போகும். குரங்கு மறுபடி சுமந்து வந்து வைக்கும். பல வருடங்களாக அப்படித்தான்.

இந்தக் கோடையில் குரங்கு கற்களை எல்லாம் தூக்கி எறிந்தது. பதிலுக்குக் கிளைகளில் இலைக்கொத்துகளைக் கட்டியது. இலை மேல்நோக்கி இருந்தால் தண்ணீர். கீழ்நோக்கி இருந்தால் போகக் கூடாது. தினமும் விடியற்காலையில் புது இலை கட்டியது. முதல் நாள் தன் கூட்டத்தை மரத்து மேலே உட்காரவைத்துக் காட்டியது.

"நல்லா தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது," என்றன எல்லாக் குரங்குகளும்.

அன்று பிற்பகல் ஒரு சருகுமான் தன் குட்டியோடு தண்ணீருக்கு வந்தது. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். காலையில் காட்டுப்பன்றிகள் மடுவை அடைத்துக்கொண்டு நிற்பதால், சிறிய பிராணிகள் உச்சிவெயிலுக்குப் பிறகுதான் வரும். மூன்றாவது பிரிவில் சருகுமான் அண்ணாந்து பார்த்தது. இரண்டு பக்கமும் இலை தொங்கியது. ஈர வாசனை வந்த பக்கமாகத் திரும்பியது. முன்னே ஓடிய குட்டி வயிறு வரை சேற்றில் இறங்கிவிட்டது.

கழுத்தைக் கவ்வி அதை வெளியே இழுப்பதற்குள் தாய்க்குக் கண் இருட்டிவிட்டது.

இன்னும் பத்து நாளில் அந்தக் குட்டி தனியாகத் தண்ணீருக்குப் போக வேண்டும். அதற்கு இன்னும் இடது எது வலது எது என்றுகூடத் தெரியாது.

மறுநாள் குரங்கின் மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. காட்டுப்பன்றி முன்னால் நின்றது.

"ஏண்டா, உனக்குப் பொழுது போகலையா? நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்கே!"

"இவன் வாலுக்கு ஒரு குறி கட்டுங்கப்பா," என்றது நரி. "எது முன்பக்கம்னு அவனுக்கே தெரியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். குரங்கு சிரிக்கவில்லை. "நாலு நாள் போனா பழகிடும்," என்று சொல்லிவிட்டு உச்சிக்கிளைக்கு ஏறிவிட்டது.

அடுத்த நாளும் இதே சத்தம். அதற்கடுத்த நாளும். பன்றி கத்தும், நரி கேலி பேசும், குரங்கு இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். கேட்கிறவர்களுக்கே அலுத்துவிட்டது.

சருகுமானுக்குக் கூட்டம் என்றால் பயம். அது போகவில்லை. குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பிரிவு என்று ஐந்து நாள் சருகுக்குள் பதுங்கிப் பார்த்தது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நெல்லிக்கொட்டையை ஒதுக்கியது. வழி தவறியவருக்கு ஒரு புளியங்கொட்டை. சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணியது. கால் மரத்துப்போனது. தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

ஆறாம் நாள் காலையில் குரங்கு மரத்திலிருந்து கத்தியது. "போதும்! நாளையிலிருந்து நான் கல்லும் வைக்கப் போறதில்லை, இலையும் கட்டப் போறதில்லை. நீங்களே பாத்துக்குங்க."

"போ, போ. நீ இல்லாம காடு நின்னா போயிடும்?" என்றது பன்றி. கூட்டம் கலைந்தது.

சருகுமான் மட்டும் மரத்தடியில் நின்றது. இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தது. மூன்றாவது முறை குட்டியின் வயிற்றில் காய்ந்து ஒட்டியிருந்த சேறு நினைவுக்கு வந்தது.

"குரங்கண்ணே," என்றது.

"நீயும் திட்டத்தான் வந்தியா?"

"திட்டுறதுக்கு எனக்குக் குரல் பத்தாதுண்ணே. எண்ணிப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

குரங்கு ஒரு கிளை கீழே இறங்கியது. "என்னத்தை எண்ணினே?"

"அஞ்சு நாளையும் சேர்த்துக் காலையில நூத்தி நாப்பது பேர். தவறினது ஆறே பேர். புள்ளிமானெல்லாம் தூரத்துலயே பார்த்துட்டு நிக்காம போகுது. கல் இருந்தப்போ நின்னு தேடும். உங்க இலை காலையில நல்லாத்தான் இருக்கு."

குரங்கு இன்னொரு கிளை இறங்கியது. ஆறு நாளில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"உச்சிக்குப் பிறகு தொண்ணூறு பேர். அதுல நாப்பத்தேழு பேர் தவறினாங்க. மூணாவது பிரிவுல மட்டும் பதினெட்டுல பதினொண்ணு, சேத்து விளிம்புல கால் பதிஞ்சதுமே திரும்பித் தப்பிச்சாங்க. முயல், கீரி, முள்ளம்பன்றி, எண்ணுறதுக்கு முன்னாடியே என் குட்டி. எல்லாம் குள்ளமானவங்கதான்."

"அவங்க சரியா பாக்கலை."

"இருக்கலாம். உச்சிக்கு என்கூட ஒரு தடவை நடந்து பாருங்க. முகவாய் தரையில படுற மாதிரி குனிஞ்சு நடக்கணும்."

குரங்கு முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது. உச்சிவெயிலில் இரண்டும் புறப்பட்டன. முதல் பிரிவில் குரங்கு தலையைத் தூக்கிப் பார்த்தது. நடுவில் கிளுவைப் புதர் மறைத்தது. புதரைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், காலையில் நிமிர்த்திக் கட்டிய இலை வெயிலில் வாடித் தொங்கியது. பக்கத்தில் தொங்கவிட்ட இலையும் தொங்கியது. மூன்றாவது பிரிவில், நிமிர்ந்தே பார்த்துப் பழகிய குரங்குக்குக் குனிந்த பார்வையில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரிய, அது வெகுநேரம் நின்றது. பிறகு ஒரு பக்கம் திரும்பி நடந்தது. சருகுமான் தடுக்கவில்லை. குரங்கின் வலது கை முழங்கை வரை சேற்றில் போனது.

கையை இழுத்துக்கொண்டு குரங்கு தரையில் உட்கார்ந்தது.

"பன்னெண்டு," என்றது சருகுமான்.

குரங்கு அதை முறைத்தது. பிறகு தன் உள்ளங்கைகளை நீட்டிக் காட்டியது. இரண்டும் வெடித்துத் தழும்பேறியிருந்தன. "வருஷா வருஷம் கல் சுமந்து சுமந்து இப்படி ஆயிடுச்சு. அதனாலதான் மாத்தினேன். ஏன் மாத்தினேன்னு ஒருத்தரும் கேக்கலையே."

"நானும் கேக்கலைண்ணே. தப்புதான்."

குரங்கு கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தது.

"மூணாவது பிரிவுல மட்டும் பழையபடி கல் வச்சா போதும்," என்றது சருகுமான். "யானையால புரட்ட முடியாத இடமா பாத்து, தண்ணி பக்கம் நிக்கிற அந்த வேங்கை மரத்து வேருக்குள்ள செருகி வைக்கலாம். மத்த நாலு இடத்துலயும் உங்க குறியே இருக்கட்டும். ஆனா வாடாத ஓலையா, புதர் மறைக்காத மாதிரி தாழ்வா கட்டணும்."

"ஈச்ச ஓலை வாடினாலும் விறைப்பா நிக்கும்," என்றது குரங்கு யோசித்தபடி. "அதைத் தண்ணி பக்கமா சாய்ச்சுத் தரையில ஊனிட்டா தினமும் மாத்தவும் வேணாம்."

அன்றே வேலை முடிந்தது. சாயங்காலம் பன்றி வந்து பார்த்தது. "பாத்தீங்களா, நான் போட்ட சத்தத்துல ஆள் வழிக்கு வந்துட்டான்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனது. சருகுமானுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை.

மறுநாள் உச்சிக்குப் பிறகு இருபத்து மூன்று பேர் தண்ணீருக்கு வந்தார்கள். மூன்றாவது பிரிவில் சருகுமானின் குட்டி கல்லை முகர்ந்தது. தாய் பின்னாலேயே நின்றது. குட்டி சரியான பக்கம் திரும்பி, தண்ணீரை நோக்கி நடந்தது.

மாலையில் சருகுமான் தள்ளாடிக்கொண்டு மரத்தடிக்குப் போனது.

"ஒண்ணு தவறிடுச்சுண்ணே. அஞ்சாவது பிரிவுல, உடும்பு."

குரங்கு நீளமாக மூச்சு விட்டது. ஆனால் மேலே ஏறவில்லை. கீழே இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த இடத்துல நின்னு பாத்தது?" என்று கேட்டது.

ஒருவர் செய்த மாற்றம் நமக்கு ஒத்துவரவில்லை என்றால், அது யாருக்கு, எங்கே, எப்போது இடறுகிறது என்று பார்த்துப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். வெறும் திட்டு, கேட்பவரின் காதை அடைத்துவிடும்.