வியாழக்கிழமை பதினோரு மணி

ஹெப்சிபா டீச்சர் பாளையங்கோட்டையில் முப்பத்து நாலு வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் மனநல ஆலோசகர் படிப்பு ஒன்றைப் படித்து முடித்தார். இப்போது வீட்டில் ஓர் அறையைச் சாத்திக்கொண்டு, லேப்டாப் வழியாக பல ஊர்களில் இருப்பவர்களின் கவலைகளைக் கேட்கிறார்.

புதிதாக வந்தவர்கள் வாரம் ஒருமுறை வழிகாட்டியிடம் பேச வேண்டும் என்பது அந்த ஆலோசனை நிலையத்தின் விதி. டீச்சருக்கு வாய்த்த வழிகாட்டி சுடலைமுத்து. வயது முப்பத்தாறு. பத்தாம் வகுப்பில் சமன்பாட்டைத் தப்பாகப் போட்டு, டீச்சரால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன்.

"அந்தப் பொண்ண வேற யாருக்காவது மாத்தி விடு" என்றார் டீச்சர், ஒரு செவ்வாய்க்கிழமை, திரையில் அவன் முகம் தெரிந்ததுமே.

"எந்தப் பொண்ணு டீச்சர்?"

"சங்கவி. சிவகாசிக்காரி."

கோயம்புத்தூரில் புருஷன் நடத்திய பட்டறை மூடிப்போனதும், தன் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு மாமியார் வீட்டில் வந்து ஒதுங்கியவள் சங்கவி. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று பதிந்திருந்தாள். வியாழக்கிழமை பதினோரு மணி அவளுக்கு ஒதுக்கிய நேரம். ஐம்பது நிமிஷம்.

"அம்பது நிமிஷத்துல பத்து நிமிஷம் முழுசாப் பேசினதில்ல. மொட்டமாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு பேசுதா. படியில காலடிச் சத்தம் கேட்டாப் போதும், 'சரிடி, வளைகாப்புக்கு வந்துருதேன்'னு டக்குனு கட் பண்ணிருதா. 'டி'யாம்! எனக்கு அறுபத்தொண்ணு நடக்கு சுடலை."

சுடலைமுத்து சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

"ஆறு வாரமா இதே கூத்து. மூச்சுப் பயிற்சி குடுத்தேன், செய்யல. தினம் அஞ்சு வரி எழுதச் சொன்னேன், எழுதல. ஏம்மான்னா, எழுதி எங்க ஒளிச்சு வைக்கன்னு கேக்கா. தேறணும்னு நினைக்கிறவ இப்படியா இருப்பா?"

"ஒங்க கவலை ஒண்ணச் சொல்லுங்க டீச்சர்."

"அதத்தான சொல்லிட்டிருக்கேன்."

"இது அவங்க கவலை. ஒங்களதச் சொல்லுங்க."

"எனக்கென்ன கவலை? பென்ஷன் வருது. பையன் கூடவே இருக்கான்."

"யோசிச்சு வைங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சொல்லுங்க. வீட்டுல யார் காதுலயும் விழாத இடமாப் பாத்து நின்னு சொல்லுங்க. மாத்துறதப் பத்தி அப்புறம் பேசலாம்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளை மாற்று என்றால் வீட்டுப்பாடம் கொடுக்கிறான்.

நடுவில் வந்த வியாழக்கிழமை சங்கவி ஏழே நிமிஷம் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு டீச்சர் போனை எடுத்துக்கொண்டு இடம் தேடினார். அறைக்குள் போய்ச் சாத்தினால், "யாரு போன்ல?" என்று கணவர் தேவசகாயம் கதவுக்கு வெளியே வந்து நின்றார். கூடத்தில் மருமகள். அடுக்களையில் வேலைக்காரப் பெண். பால்கனிக்குப் போனால் பக்கத்து பால்கனியில் ஒருத்தர் தினசரி படித்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டில் ஒரு சாண் இடம் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாடி இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றார்.

"சொல்லுங்க டீச்சர்."

"கொசு புடுங்குது."

"சரி."

"இந்த எடத்துல நின்னு மனுஷன் என்னத்தப் பேச?"

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். குரல் தானாகவே தணிந்தது.

"என் வீட்டுக்காரரு... யார்ட்டயும் சொல்லல சுடலை, பையன்ட்டகூடச் சொல்லல. போன மாசம் ஒரு நாள் காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். கையில வாங்கிட்டு என்னையப் பாத்து..."

"அக்கா! இங்கயா நிக்கீங்க?" என்று ஸ்கூட்டர் சாவியோடு வந்தாள் முதல் மாடிப் புனிதா.

"வெண்டைக்கா வேண்டாம்ப்பா. கத்திரிக்கா மட்டும் ஒரு கிலோ கொண்டு வா" என்று போனில் சொல்லிவிட்டுத் துண்டித்தார் டீச்சர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

புனிதா லாரித் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பற்றிச் சொன்னாள். முடிப்பதாக இல்லை. டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். கண் மட்டும் போனில் ஓடும் மணியிலேயே இருந்தது. ஒருவழியாக அவள் வண்டியைக் கிளப்பியபோது மணி நாலு நாற்பது.

இனி எங்கே. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று படியில் கால் வைத்தவர், என்னவோ தோன்றி போனில் அந்த ஆலோசனை லிங்க்கை மறுபடி தொட்டார். திரை திறந்தது. அதே நாற்காலியில், அதே இடத்தில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான்.

"நீ போகலியா?"

"நாலு அம்பது வரைக்கும் ஒங்க நேரம் டீச்சர்."

டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"காப்பிய வாங்கிட்டு, 'நீங்க யார் வீட்டுலருந்து வாரீங்க'ன்னு கேட்டாரு. மரியாதையாக் கேட்டாரு சுடலை. நாப்பது வருஷத்துல அந்த மனுஷன் என்னைய வாங்க போங்கன்னு சொன்னதே கிடையாது."

மிச்சமிருந்த பத்து நிமிஷமும் அவர் அழுதார். அவன் இருந்தான். சங்கவியின் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொன்று எட்டுக்கு, "சரிடி, சேலைய நீயே எடுத்துரு" என்று சங்கவி துண்டித்தாள். டீச்சரின் கை பழக்கத்தில் லேப்டாப் மூடிக்குப் போனது. இழுத்துக்கொண்டார்.

திரையில் ஒன்றும் இல்லை. கால் மணி போனது. தேவசகாயம் கதவைத் தட்டி பிஸ்கட் கேட்டார். வாசலிலேயே கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். அரை மணி ஆனதும் எரிச்சல் மண்டைக்கேறியது. கண்ணில் காணாத அந்த மாமியார் மேல், சுடலை மேல், தன் மேல். எழுந்திருக்கவில்லை.

பதினொன்று முப்பத்தொன்பதுக்கு லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது. சங்கவிக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் ஈரத்துணி வாளி.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"எப்பவும் துணி காயப்போட வரும்போது ஒரு தடவ அடிச்சுப் பாப்பேன் மேடம். ஆள் இல்லன்னு வரும். சரின்னுட்டு கீழ போயிருவேன்."

டீச்சர் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சங்கவிதான் பேசினாள். பழைய கம்பெனி கடிதம் போட்டுத் திரும்பக் கூப்பிடுகிறது. போக ஆசை. சொன்னால் வீட்டுக்காரர் நொறுங்கிப் போவார். இரண்டு மாதமாக அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் வைத்திருக்கிறாள். ஏழு வாரக் கேள்விகளுக்கும் பயிற்சிகளுக்கும் வராதது பதினோரு நிமிஷத்தில் வந்து விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, "சங்கவிய மாத்திரலாமா டீச்சர்?" என்று கேட்டான் சுடலைமுத்து.

"பேசாம இரு" என்றார் டீச்சர். மகனிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம் என்பதை இரண்டே வரியில் சொல்லி முடித்தார். பிறகு குரல் ஏறியது.

"வாராவாரம் அந்தப் பிள்ள படியேறி வந்து பாத்திருக்கா. நான் மூடி வச்சிட்டுக் கொழம்பு கூட்டப் போயிருக்கேன். ஒனக்கு இது முதல் நாளே தெரிஞ்சிருக்கு, என்ன? ஒரு வார்த்த சொன்னா என்ன? 'லைன்லயே இருங்க டீச்சர்'னு ஒத்த வரி! அத விட்டுட்டு என்னைய அந்தக் கொசுக்கடியில நிக்க வச்சு, கத்திரிக்கா வாங்க வச்சு... ஏம்ல சொல்லல?"

"சொல்லியிருந்தா லைன்ல மட்டும் இருந்திருப்பீங்க டீச்சர்" என்றான் சுடலைமுத்து.