பலகாரம் தின்று விரதம் காத்த ராஜா

மலைக்கு இந்தப் பக்கம், ஆத்துக்கு அந்தப் பக்கம், ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். பேரு மங்கலராயர். நல்ல ராஜாதான். யாரையும் அதட்ட மாட்டார். ஊர்ல யாருக்காவது காய்ச்சல்னா தானே நேர்ல போய்ப் பார்ப்பார். நேர்லன்னா, பல்லக்குல. பல்லக்கு கண்ணுல படறதுக்கு முன்னாடியே அதைத் தூக்குறவங்க மூச்சு வாங்குற சத்தம் தெருக்கோடியில கேக்கும், உடனே ஜனங்க "ராஜா வர்றாரு"ன்னு எழுந்து நிப்பாங்களாம். அப்பேர்ப்பட்ட உடம்பு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஊர் எல்லையில பொந்துப் பிள்ளையார்னு சின்னதா ஒரு கல்கோயில், அந்தக் கோயிலுக்குள்ள ஒரு பொந்து. இந்தப் பக்கம் தலையை விட்டு, ஒருக்களிச்சு, வளைஞ்சு, தவழ்ந்து, அந்தப் பக்கமா வெளியில வரணும். வருஷா வருஷம் ஆவணிச் சதுர்த்தி அன்னிக்கு, ஊரே நின்னு பார்க்க, ராஜா அதுல நுழைஞ்சு வரணும். வந்துட்டா அடுத்த சதுர்த்தி வரைக்கும் அவர்தான் ராஜா. சிக்கிக்கிட்டா? கிரீடத்தைக் கழட்டி அடுத்த சொந்தக்காரன் தலையில வெச்சிடுவாங்க. எந்தக் காலத்து ராஜாவோ போட்ட சட்டம். எதுக்குப் போட்டாருன்னு என்னைக் கேக்காதீங்க, அவரு ஒல்லியா இருந்திருப்பாரு.

போன சதுர்த்தியில மங்கலராயர் பட்ட பாடு இருக்கே! உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் தடவி, அந்தப் பக்கம் நாலு பேர் கையைப் பிடிச்சு இழுத்து, இந்தப் பக்கம் நாலு பேர் காலைப் பிடிச்சுத் தள்ளி, 'பொளக்'னு ஒரு சத்தத்தோட வெளியில வந்து விழுந்தார். ஊர்ப் பெரியவங்க ஒண்ணு கூடி, "இது நுழையறது இல்லை, பிரசவம் பார்க்கிறது. அடுத்த தடவை யாரும் இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க.

ராஜாவுக்குக் கவலை வந்துடுச்சு. அவருக்குப் பிள்ளைங்க இல்லை. அடுத்த சொந்தக்காரன்னா ராணி செண்பகவல்லியோட தம்பி கோதண்டன்தான். அவன்தான் மந்திரியும். கயிறு மாதிரி உடம்பு, கண்ணு மட்டும் கிரீடத்து மேலயே இருக்கும்.

"மாப்ளே, இளைக்கணுமே, என்ன பண்ணலாம்?"னு ராஜா அவன்கிட்டயே கேட்டார். பாருங்க, வேற ஆளே கிடைக்கலை!

"அத்தான், இதுக்குப் போயா கவலைப்படுவாங்க? விரதம் இருங்க"ன்னான் கோதண்டன்.

சரின்னு ராஜா விரதம் இருக்க ஆரம்பிச்சார். திங்கள் விரதம், வியாழன் விரதம், சனி விரதம். நடுவுல சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி. விரதத்துல சோறு தொடக் கூடாது இல்லையா? தொடலை. சோத்துக்குப் பதிலா பலகாரம். காலையில நெய் மிதக்குற ரவை உப்புமா, மத்தியானம் அடையும் வெண்ணெயும், சாயங்காலம் வடை, ராத்திரி சேமியாப் பாயசத்தோட தோசை. எழுந்திருக்கும்போது ஏப்பம் விட்டுட்டு, "அப்பா, விரதம்னா எவ்வளவு கஷ்டம்"னு சொல்வாராம்.

உடம்பு இளைச்சுதா? பெருத்துது.

"அத்தான், விரதம் உங்களுக்கு ஒத்துக்கலை. லேகியம் சாப்பிடுங்க"ன்னான் கோதண்டன். வெல்லப்பாகுல நெய்யை ஊத்தி முந்திரியைப் போட்டுக் கிண்டி, மேல ஒரு சிட்டிகை சுக்குத் தூவி, "இளைப்பு லேகியம்"னு பேர் வெச்சுக் கொடுத்தான். மருந்துதானேன்னு ராஜா வேளாவேளைக்கு உள்ளங்கையில வழிச்சு நக்கினார். கூடக் கொஞ்சம் நக்கினா சீக்கிரம் இளைக்கும்னு நடுவுலயும் நக்கினார்.

உடம்பு இளைச்சுதா? பெருத்துது.

"அத்தான், லேகியமும் ஒத்துக்கலை. பட்டினி கிடங்க, பச்சைத் தண்ணி கூட வேணாம்"னான். ராஜா பட்டினி கிடந்தார். ரெண்டாம் நாள் தூண் எல்லாம் முறுக்கு மாதிரி தெரிஞ்சுது. மூணாம் நாள் பக்கத்து நாட்டுத் தூதுவரோட தலைப்பாகையைப் பார்த்து ஜாங்கிரின்னு நினைச்சுக் கையை நீட்டிட்டார். அதுக்கு மேல தாங்கலை. பட்டினியை முடிச்சு வைக்க கோதண்டன் ஒரு விருந்து வெச்சான் பாருங்க, விட்டதை எல்லாம் பிடிச்சு, விடாததையும் சேர்த்துப் பிடிச்சார் ராஜா.

இளைச்சுதா? நீங்களே சொல்லுங்க.

ராணி பார்த்தா. "ஏங்க, என் தம்பி சொல்றதை எல்லாம் கேக்குறீங்களே, அவன் உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறானா, வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற மாதிரி பழுக்க வைக்கிறானா?"

"சும்மா இரு செண்பகம். பாவம், எனக்காக அவன் எவ்வளவு அலையுறான்"னார் ராஜா. ஆனா தனியா உக்காந்து யோசிச்சார். 'நான்தான் சரியில்லையோ? நாட்டை ஆள்றேன், நாக்கை ஆள முடியலை. நான் என்ன ராஜா?' யோசிக்க யோசிக்க துக்கம் வந்துது, துக்கம் வந்ததும் பசி வந்துது, ஒரு தட்டு சீடையைக் கொறிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்சம் துக்கப்பட்டார்.

ஒரு நாள், கிழக்கு வெளுக்குற நேரம், ஒருத்தருக்கும் தெரியாம ராஜா பொந்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். நுழைஞ்சுதான் பார்ப்போமேன்னு தலையை விட்டார், போச்சு. தோளை விட்டார், போச்சு. தொப்பையை விட்டார், நின்னுடுச்சு. முன்னாலயும் போக முடியலை, பின்னாலயும் வர முடியலை.

அப்போ இருட்டுக்குள்ள இருந்து ஒரு குரல்: "யாருய்யா அது, என் வாசல்ல வந்து அடைச்சுக்கிட்டு?"

பார்த்தா, ஒரு பெருச்சாளி. பொந்துக்குள்ள ஒரு மூலையில குடியிருக்கு. பின்னால குட்டிங்க வரிசையா எட்டிப் பார்க்குது.

"நான் ராஜா"ன்னார் மங்கலராயர்.

"ராஜாவோ கூஜாவோ, என் பிள்ளைங்க வெளியில போய் வர வேணாமா? எப்படிய்யா இப்படி ஊதிப் போனே? அப்படி என்னதான் சாப்பிடுவே?"

"ஒண்ணுமே சாப்பிடறதில்லை. நேத்துக்கூட விரதம்."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே. ரெண்டு மூணு அடை. கொஞ்சம் வெண்ணெய். அப்புறம் வடை. கேசரி. அதெல்லாம் பலகாரம்தானே? சோத்துல கையே வைக்கலை."

பெருச்சாளி சிரிச்ச சிரிப்புல மீசை ஆடுச்சு. "உன் வயிறு என்ன வாசல்ல நின்னு, நீ சோறா, பலகாரமா, லேகியமான்னு விசாரிச்சா உள்ளே விடுது? வந்ததை எல்லாம் உக்கார வெச்சுக்கும்யா!"

ராஜாவுக்கு அழுகை வந்துடுச்சு. "உண்மைதான். நான் ஒரு பேராசைக்காரன். உதவாக்கரை."

"ஆரம்பிச்சுட்டியா? உன்னை நீயே திட்டிக்கிட்டு உக்காந்தா ஒரு சுத்துகூடக் குறையாது. நானும் ஒரு தடவை நெல் குதிருக்குள்ள புகுந்து, தின்னு தின்னு, வந்த ஓட்டையிலயே திரும்ப வர முடியாம கிடந்தவதான். அழுதா வெளியில வந்தேன்? சரி, நான் சொல்றதைக் கேக்குறியா? சதுர்த்தியில நீ இங்கே சிக்கினா என் பிள்ளைங்களும் சேர்ந்துதான் மாட்டிக்கும்."

"கேக்குறேன் தாயே."

"வேளைக்குச் சோறு சாப்பிடு. ஆனா இலையில பாதிக்குக் கீரையும் கூட்டும் பொரியலும் இருக்கணும், சோறு ஒரு மூலையில இருக்கட்டும். நடுவுல கொறிக்காதே. மெதுவா மென்னு சாப்பிடு, பசி போனதும் எழுந்திரு, வயிறு முட்டுற வரைக்கும் காத்திருக்காதே. அது ஒண்ணு. அப்புறம், அந்தப் பல்லக்கை விட்டு இறங்கி நட. இன்னிக்குத் தெருமுனை வரைக்கும், பழகினதும் குளம் வரைக்கும்."

"செஞ்சுடலாம். வர்ற அஷ்டமி, நவமி கழியட்டும். அப்புறம் ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமையாப் பார்த்து..."

"அதான்யா மூணாவது!" பெருச்சாளி கத்தினதுல குட்டிங்க பயந்து பின்னால ஒளிஞ்சுது. "நல்ல நாள் பார்க்காதே! வடை திங்க நாள் பார்த்தியா? ஒரு வேளை தப்பிப் போனாலும் நாளைக்குப் பார்த்துக்கலாம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டுடாதே. அடுத்த வேளைச் சோத்துல சரி பண்ணு."

சொல்லிட்டு, மீசையால ராஜாவோட தொப்பையில கிச்சுக்கிச்சு மூட்டுச்சு. ராஜா 'ஹிஹிஹி'ன்னு சிரிக்க, உள்ள இருந்த மூச்செல்லாம் வெளியில போக, சர்ருனு பின்பக்கமா வழுக்கி வந்து புல்லுல உக்காந்தார்.

அன்னிக்கே நடந்து அரண்மனைக்குத் திரும்பினார். பல்லக்கு சும்மா இருக்கக் கூடாதே, ராஜா வீதியில வர்றதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கே? அதனால மறுநாள்ல இருந்து காலிப் பல்லக்கு முன்னால போகும், ராஜா பின்னால மூச்சிறைக்க நடந்து வருவார். ஜனங்க குழம்பிப் போய்க் காலிப் பல்லக்கைக் கும்பிட்டுட்டு, பின்னால வர்றவரைப் பார்த்து, "வேகமா நடங்கய்யா, ராஜா முன்னால போயிட்டாரு"ம்பாங்க. பல்லக்குத் தூக்குறவங்களுக்கோ ஒரே கொண்டாட்டம், பாட்டு வேற பாடினாங்க.

கோதண்டனுக்கு இது பொறுக்குமா? அதிரசத்தட்டோட வந்து எதிர்ல உக்காந்தான். "அத்தான், இந்த அதிரசத்தைப் பாருங்க, தொட்டாலே நெய் சொட்டுது."

"அப்படியா? ருசி எப்படி இருக்கு?"

கோதண்டன் ஒண்ணை வாயில போட்டுக் கண்ணை மூடினான். "தேவாமிர்தம்!"

"அப்போ நீயே சாப்பிடு மாப்ளே, எனக்குப் பசியில்லை."

மறுநாள் பாதுஷாவோட வந்தான். "எப்படி இருக்கு?" "தேவாமிர்தம்!" "அப்போ நீயே சாப்பிடு மாப்ளே." அதுக்கு மறுநாள் பால்கோவா. "தேவாமிர்தம்!" "நீயே சாப்பிடு மாப்ளே." எடுத்துட்டு வந்ததை வீணாக்கலாமா? அவனே சாப்பிட்டான். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு மசிவாருன்னு தினமும் கொண்டு வந்தான், தினமும் அவனே சாப்பிட்டான்.

ராஜா சறுக்கவே இல்லையான்னு கேக்குறீங்களா? சறுக்கினார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில லட்டு லட்டா உள்ளே தள்ளிட்டு, கை கழுவும்போதுதான் முழிச்சுக்கிட்டார். 'போச்சு, எல்லாம் போச்சு. இனிமே என்ன, நாலு மைசூர்பாகும் சாப்பிட்டுட வேண்டியதுதான்'னு மனசு சொல்லுது. கையும் நீளுது. அப்போ அந்த மீசை ஆடுறது ஞாபகம் வந்துது. கையை இழுத்துக்கிட்டார். ராத்திரி ராணிகிட்ட, "எனக்கு மோர் சாதமும் கீரையும் போதும்"னார். ராணி அவர் முகத்தையே பார்த்தா. கீரையைக் கொஞ்சம் கூடப் போட்டா.

சதுர்த்தி வந்துது. ஊரே கூடியாச்சு. ராஜா இளைச்சிருந்தார்தான், அதுக்காகக் குச்சியா ஆயிடலை. தொப்பை இன்னும் இருந்துது, ஆனா இப்போ அது சொன்ன பேச்சைக் கேட்டுது. கிரீடத்தைக் கழட்டி ராணி கையில கொடுத்துட்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு, தலையை விட்டார், போச்சு. தோளை விட்டார், போச்சு. தொப்பையை விட்டார், நின்னுது!

வெளியில "ஐயோ"ங்குது ஜனம். உள்ள ராஜா நினைக்கிறார்: 'அவ்வளவுதானா? இத்தனை நடந்தும் இவ்வளவுதானா?'

"மூச்சைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு எதுக்குய்யா முழிக்கிறே? விடு! ஒருக்களிச்சு விடு!"ன்னுது மூலையில இருந்து குரல்.

ராஜா மூச்சை விட்டார், ஒருக்களிச்சார், முழங்காலை ஊனினார். நடந்து நடந்து இறுகின கால் இல்லையா, ஒரே உந்து! அந்தப் பக்கம் வெயில்ல தலையை நீட்டி, முழுசா வெளியில வந்தார். ஊரே கைதட்டுது, குலவை போடுது.

கோதண்டன் குதிச்சான். "மோசடி! பொந்தை உளியால செதுக்கிப் பெருசாக்கிட்டாங்க! சந்தேகம்னா நானே நுழைஞ்சு காட்டுறேன், எவ்வளவு பெரிய ஓட்டைன்னு பாருங்க!" சொல்லிக்கிட்டே பாய்ஞ்சான். கயிறு மாதிரி இருந்த கோதண்டன், அத்தனை தேவாமிர்தமும் தின்ன அப்புறம் கயிறாவா இருப்பான்? தலை போச்சு. தோள் போச்சு. அப்புறம் ஒண்ணும் போகலை. இந்தப் பக்கம் ரெண்டு கால் மட்டும் உதைச்சுக்கிட்டு இருக்கு.

"அக்கா! இழு அக்கா!"

"இழுக்கக் கூடாதாம்டா தம்பி, பெரியவங்க சட்டம்"னா செண்பகவல்லி. "அந்த லேகியத்துல என்னடா போட்டே? அதைச் சொல்லு முதல்ல."

"வெல்லம்! நெய்! முந்திரி! அத்தான் சிக்கிக்கணும்னுதான் எல்லாம் பண்ணேன். ஐயோ, யாரோ மூக்கைக் கடிக்கிறாங்க!"

யாரு கடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியும். ஊர் வயிறு வலிக்கச் சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் ராஜா, "பாவம், இழுத்து விடுங்கப்பா"ன்னார். மந்திரி வேலை போச்சு. கோயிலுக்கு அபிஷேகத் தண்ணியைக் குளத்துல இருந்து தினமும் சுமந்துட்டு வர்ற வேலையைக் கோதண்டனுக்குக் கொடுத்தாங்க, வாளியும் பெருசாப் பார்த்துக் கொடுத்தாங்க.

மறுநாள் காலையில ராஜா வழக்கம்போல எழுந்து மேல்துண்டை எடுத்துத் தோள்ல போட்டார்.

"ஏங்க, அதான் நுழைஞ்சு வந்துட்டீங்களே! இன்னும் ஒரு வருஷத்துக்குக் கிரீடம் உங்களோடதுதான். இன்னிக்கு ஒரு நாளாவது படுத்துத் தூங்கக் கூடாதா?"ன்னா ராணி.

ராஜா வாசப்படியில நின்னு யோசிச்சார். "படுக்கலாம்தான். ஆனா குளத்துக்கரையில இந்நேரத்துக்குக் காத்து நல்லா இருக்கும் செண்பகம். நீயும் வாயேன்"னார்.

ராணியும் போனா. ராஜாவும் ராணியும் காலாற நடக்க, கதையும் அவங்க கூடவே நடந்து போயிடுச்சு. இளைக்கிறதுன்னா ஒரு நாள் சதுர்த்தி இல்லை, மறுநாள் காலையும் சேர்த்துதான்னு தெரிஞ்சுக்கிட்டீங்களா? சரி, பசி போயிடுச்சுன்னா இலையை மடிச்சுட்டுக் கை கழுவுங்க.