முந்நூற்றுப் பன்னிரண்டு முறை சொன்ன கதை

சாலிகிராமத்தில் தெருவுக்கு நாற்பது கதை கிடைக்கும். டீ மாஸ்டரிடம் ஒன்று இருக்கும், அயர்ன் வண்டிக்காரரிடம் ரெண்டு இருக்கும். படம்தான் கிடைக்காது.

அங்கே ஒரு மாடி அறையில் ரோஸ்லின் இருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எந்தக் கம்பெனியும் இல்லாமல், சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படம் எடுத்தவள். அது நாலு வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது. நம்ம ஊரில் ஒரே ஒரு தியேட்டரில், ஒரு வாரம், காலைக் காட்சி மட்டும் ஓடியது. பார்த்தவர்கள் இன்னமும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசி என்ன? அடுத்த படம் அவளுக்கு அமையவே இல்லை. இப்போது ஊரான் வீட்டுக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவள் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. "இவர் கதையைக் கேளுங்க" என்று அவள் போன் போட்டால், எப்பேர்ப்பட்ட தயாரிப்பாளரும் மறுபேச்சு இல்லாமல் நேரம் ஒதுக்குவார். அந்தப் போனை அவள் லேசில் போடமாட்டாள்.

சுடலைமணி அவளுடைய சிஷ்யன். அவளைவிட ஐந்து வயது மூத்தவன். கோவில்பட்டியிலிருந்து கிளம்பி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"மேடம், படம் பண்ண என்ன வேணும்?"

"நாலு பேரைத் தெரிஞ்சுக்கணும். விடாம இருக்கணும்" என்றாள் அவள்.

ஏதோ அன்றைய அலுப்பில் சொன்னது. அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அப்படிப் பிடித்தான், அடேயப்பா! பாட்டு வெளியீட்டு விழாவா, முதல் வரிசைக்குப் பின்னால் நிற்பான். தயாரிப்பாளர் வீட்டுக் காதுகுத்தா, பந்தி விசாரிப்பான். யாராவது செத்துப்போனால் மாலையோடு முதல் ஆளாக நின்று, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கூடவே இருப்பான். போனில் இரண்டாயிரத்து நானூறு பேர். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் குறிப்பு. 'சுகர் உண்டு, ஸ்வீட் கூடாது.' 'பேரன் பெயர் தர்ஷித்.' 'சனிக்கிழமை எரிந்து விழுவார்.' காலை ஆறு மணிக்கு யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்துப் போகாத நாளே கிடையாது.

கதை சொல்வதிலும் அப்படித்தான். இந்தத் தொழிலில் எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. எதிரில் உட்கார்ந்து, வாயாலேயே முழுப் படத்தையும் ஓட்டிக் காட்டவேண்டும். சுடலைமணியிடம் ரெண்டே கால் மணி நேரக் கதை இருந்தது, அரை மணிக் கதை இருந்தது, பத்து நிமிஷக் கதை இருந்தது. லிப்டில் மூணாவது மாடி போவதற்குள் சொல்லி முடிக்கிற கதையும் இருந்தது. எல்லாம் ஒரே கதைதான். சொல்லி முடித்ததும் வெளியே வந்து, கேட்டவர் எந்த இடத்தில் போனைப் பார்த்தார், எந்த இடத்தில் கொட்டாவி விட்டார் என்று நோட்டில் குறித்துக்கொள்வான். அடுத்த ஆளிடம் சொல்லும்போது அந்த இடம் மாறியிருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிவிட்டான். ஒருத்தரும் எடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை அவன் மாடியேறி வந்தான். சட்டை புதுசு, முகம் மட்டும் வாடிப் போயிருந்தது.

"மேடம், இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்லை."

"கேளுங்க."

"ப்ரொட்யூசர் ராஜகம்பீரம் சார் புதுசா படம் ஆரம்பிக்கிறாராம். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ்ல இருப்பார். நீங்க ஒரு போன் போட்டா என்னை உட்கார வச்சுக் கேட்பார்."

ரோஸ்லின் திரையில் ஓடிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அழைப்பை நிறுத்தினாள்.

"இதுவும் இல்லைன்னா?"

"ஊருக்குப் போயிடுவேன் மேடம். சித்தப்பா பையன் செல்போன் கடை வச்சிருக்கான். வந்து உட்காருன்னு கூப்பிடுறான். எனக்கும் நாற்பத்தி நாலு ஆகுது." கையிலிருந்த நோட்டை மேஜைமேல் வைத்தான். "எல்லாரையும் தெரியும் மேடம். எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஒரு நாள்கூட விடலை. அப்புறமும் ஏன் மேடம் நடக்கலை?"

அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"அது உங்க அக்கா கதைதானே?"

"ஆமா மேடம். வேலம்மா அக்கா கதை. அதை எடுக்கத்தானே ஊரை விட்டே வந்தேன்."

"அக்காவுக்குச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்லை மேடம். எடுக்கப்போறேன்னு மட்டும் தெரியும். அவளுக்குப் படமாவே காட்டிடணும்னு இருக்கேன்."

"போன் போட்டுச் சொல்லுங்க. பத்து நிமிஷக் கதை. ஸ்பீக்கர்ல போடுங்க."

"இப்பவா? அவளுக்கு எதுக்கு மேடம்? அவ என்ன ப்ரொட்யூசரா?"

"அவங்களுக்குச் சொல்லுங்க. அப்புறம் ராஜகம்பீரத்துக்கு நான் போன் போடுறேன்."

வேறு வழி? போட்டான்.

"ஏல மணி! என்னல இந்நேரத்துல? சாப்ட்டியா?" அக்காவின் குரலோடு கூடவே கிர்க், கிர்க் என்று ஏதோ ஒரு சத்தமும் வந்தது.

"சாப்ட்டேன்க்கா. ஒரு கதை சொல்லுதேன், கேக்கியா? மேடமும் பக்கத்துல இருக்காங்க."

"ஐய, எனக்கு என்னல தெரியும் கதையெல்லாம்? சரி, சொல்லு. அடுப்பை அமத்திட்டு வாரேன்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஆரம்பித்த பிறகு அவனுக்கு எதுவும் நினைவில்லை, அவ்வளவு பழக்கம். கை தானாக எழுந்தது, குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறியது. தூத்துக்குடித் துறைமுகம். அங்கே ஒரு முரட்டுத் தம்பி, வீரா. அவனுக்கு உயிரான அக்கா, அனன்யா. கட்டிக் கொடுத்த இடம் கடத்தல்காரன் வீடு. எட்டாம் நாள் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வருகிறாள். தம்பி மடியில் தலை வைத்து உயிரை விடுகிறாள். இடைவேளை. தம்பி அரிவாளை எடுக்கிறான். நடுவே ஒரு காதல், ஒரு திருவிழாப் பாட்டு. கடைசியில் கொட்டுகிற மழையில், கண்டெய்னர்களுக்கு நடுவே, ஒருத்தன் பாக்கியில்லாமல் வெட்டிச் சாய்க்கிறான்.

பத்து நிமிஷம் சொன்னால் பத்து நிமிஷம். ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை.

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சுடலைமணி ரோஸ்லினைப் பெருமையாகப் பார்த்தான்.

"நல்லாருக்குல" என்றாள் அக்கா. "அந்தப் புள்ள பாவம்ல, இப்படி அநியாயமாச் சாவுதே. கேக்கவே மனசு ஆறலை. யாருல அது? நம்ம பக்கத்துப் புள்ளையா?"

அவன் பார்வை ரோஸ்லினிடமிருந்து போனுக்கு இறங்கியது.

"சரி, யாரா இருந்தா என்ன. இந்தப் படம் நல்லா ஓடட்டும்" என்றாள் அக்கா. "இது முடிஞ்சப்புறமாவது என் கதையை எடுப்பியால? தெருவுல அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கேலி பண்ணுதாளுவ."

சுடலைமணியின் முகத்தில் ஈயாடவில்லை.

ரோஸ்லின் போனுக்குப் பக்கமாகக் குனிந்தாள்.

"அக்கா, அது என்ன சத்தம்? கிர்க் கிர்க்னு?"

"ஃபேனும்மா. டேபிள் ஃபேன். கிழடு தட்டிப் போச்சு, ஆனா காத்து நல்லா வரும். எங்கப்பா சீராக் குடுத்தது. தம்பி மாத்திடுவோம்பான், நான்தான் விடலை. அவன் சொல்லலியாம்மா?"

"சொல்லியிருக்கார்க்கா. ரொம்ப நாளைக்கு முன்னாடி."

"ஏல, நேரத்துக்குச் சாப்பிடுல" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

திரையில் அந்த மாப்பிள்ளை காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இந்த வாசல்ல வந்து நின்னார்" என்றாள் ரோஸ்லின். "ஒரு கதை சொன்னார். ஏழே வாக்கியம். உட்காரக்கூட இல்லை."

"மேடம்..."

"எங்கக்கா கல்யாணம் ஆன எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துட்டா. தனியா வந்தா. பஸ்ல வந்தா. கையில, சீராக் குடுத்த டேபிள் ஃபேன் மட்டும் இருந்துச்சு. யாரும் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி அதை பிளக்குல மாட்டிட்டு, சுவர்ல சாஞ்சு உட்கார்ந்துட்டா. அப்பா ஏன் வந்தேன்னு கேக்கலை, ஃபேனை அவ பக்கமாத் திருப்பி வச்சார். இன்னிக்கு வரைக்கும் யாரும் கேக்கலை."

அன்றைக்கு அவன் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

சுடலைமணி நோட்டைப் புரட்டினான். ஈரம் பட்டு ஒட்டிப்போன முதல் பக்கத்தைப் பிரித்தான்.

"முதல்ல கேட்டவர், டேபிள் ஃபேன்னா காமெடி ஆயிடும்னார் மேடம். எடுத்துட்டேன். அடுத்தவர், அவ ஏன் வந்தாள்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சாகணும்னார். புருஷனைக் கெட்டவனாக்கினேன். ஹீரோ எங்கேன்னு ஒருத்தர் கேட்டார். தம்பியைக் கொண்டுவந்தேன். இன்டர்வெல்ல அவ உயிரோட இருந்தா கனமே இல்லைன்னு..." அதற்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை. நோட்டை மூடினான். "நானே கொன்னுட்டேன் மேடம். அவளுக்கே போன் போட்டு அதைச் சொல்லியிருக்கேன். அவளும் எவளோ ஒருத்திக்காக உட்கார்ந்து அழுறா."

ரோஸ்லின் அவனைத் தேற்றவில்லை. தன் போனை எடுத்தாள்.

"ராஜகம்பீரம் சார், வணக்கம். நாலு மணிக்கு சுடலைமணின்னு ஒருத்தர் வருவார். கதையைக் கேளுங்க. உங்களுக்குப் பிடிக்கும்... ஆமா சார், ஆக்‌ஷன்தான்... சரிங்க சார்."

போனை மேஜைமேல் வைத்தாள்.

"நேரம் சொல்லிட்டார். போயிட்டு வாங்க."

பதினோரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அதுதான். அவன் எழுந்திருக்கவில்லை.

"எந்தக் கதையைச் சொல்ல மேடம்?"

"இப்பச் சொன்னதையே. அப்படியே சொல்லுங்க. அட்வான்ஸே குடுத்தாலும் குடுப்பார். அவர் இத்தனை வருஷம் தேடுறது அதைத்தான்."

"அப்ப அக்கா கதை? அதை நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லலை? அதுக்கு ஏன் ஒரு போன்கூடப் போடலை?" கேட்டே விட்டான். குரலில் கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது. "நீங்கதானே நாலு பேரைத் தெரிஞ்சுக்கோன்னு சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு."

மாப்பிள்ளை அழைப்பை அவள் மறுபடி ஓடவிட்டாள். நாதஸ்வரக்காரர் சத்தமில்லாமல் வாசித்தார்.

"அந்த ஏழு வாக்கியம் சொன்னவருக்குப் போன் போடணும்னுதான் இத்தனை வருஷமா உட்கார்ந்திருக்கேன்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்குத்தான் இரண்டாயிரத்து நானூறு பேரைத் தெரியுமே. அவர் நம்பர் இருக்கான்னு பாருங்க."