மூக்கு போன மாராயியும் பித்தளை பில்டரும்

ஒரு ஊர்ல ஒரு மூக்கு இருந்துச்சு. ராசா இல்ல, ராணி இல்ல, மூக்கு. மலையடிவாரத்துல மாராயின்னு ஒரு பொம்பள, அவ மூஞ்சியில இருந்த மூக்கு. "ம்" கொட்டு. கொட்டினாத்தான் கதை நடக்கும்.

ம்.

அந்த மூக்குக்குத் தெரியாதது கிடையாது. பக்கத்து வீட்டுல பருப்பு அடிப்பிடிக்கப் போகுதுன்னா, பிடிக்கிறதுக்கு முன்னாடியே இங்கேருந்து குரல் குடுப்பா. மழை வர்றது வானத்துக்கு அடுத்தபடியா அவளுக்குத்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட மூக்கை வெச்சுக்கிட்டு அவ காப்பி போட்டா எப்படி இருக்கும், நீயே சொல்லு.

அப்போ சற்குணம் சார்னு காலேஜ் வாத்தியார் ஒருத்தர். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பத்து பேரைச் சேர்த்துக்கிட்டு வந்து, மலை மேல ரெண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவார். சமைக்க மாராயி போவா. சோறு குழைஞ்சாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. விடியக்காலம் பனிக்குள்ள அவளோட பித்தளை பில்டர்ல சொட்... சொட்... சொட்டுனு டிகாஷன் இறங்கும் பாரு, அதுக்குத்தான் அத்தனை பேரும் கூடாரத்தை விட்டே எந்திரிப்பாங்க. "மாராயிக்கா, நாங்க மலையைப் பாக்க வர்றோம்னு நெனச்சுக்காதீங்க"ன்னு சார் கிண்டல் பண்ணுவார். மாராயி ஒண்டிக்கட்டை. வீட்டுல ஏன்னு கேக்க ஆள் கிடையாது. ரெண்டு மாசத்துல அந்த ரெண்டு நாள்தான் அவளை அக்கான்னு கூப்பிடப் பதினோரு பேரு இருந்தாங்க.

கீழே இறங்கினதும் பில்டரைக் கழுவி வெப்பா. அடுத்த தடவை கிளம்புறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து மோந்து பாப்பா. துளி பூசணை வாடை வந்தாலும் மறுபடி புளி போட்டுத் தேய்ப்பா. வேற விதிமுறை ஒண்ணும் கிடையாது. மூக்கு சரின்னு சொன்னா சரி.

அப்புறம் ஒரு ஐப்பசியில அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஒம்பது நாள் கிடந்து எந்திரிச்சா. மூக்கு இருந்த இடத்துலயே இருக்கு, வாசனையைத்தான் காணோம். மல்லித்தூள் டப்பாவுக்குள்ள மூக்கை விட்டா. அச்சுனு தும்மல் வந்துச்சு, வாசம் வரல. காப்பி போட்டுக் குடிச்சா. இனிப்பு தெரியுது, கசப்பு தெரியுது, காப்பி தெரியல.

அவ ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மூக்கில்லாத சமையல்காரியை எவன் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போவான்? வாயை மூடிக்கிட்டா. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ கார்த்திகையில சார் கூட்டம் வந்துச்சு. போன தடவை மழையில அவசரமா இறங்கினதுல பில்டரை ஈரத்தோட மூடி, சாக்குல போட்டுக் கட்டி வெச்சிருந்தா. திறந்து பாத்தா, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. தண்ணியை ஊத்திச் சளக் சளக்னு அலசி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. மறுநாள் காலையில பதினோரு பேரும் டம்ளரை வாங்கினாங்க, நல்லாருக்குக்கான்னு சொன்னாங்க, ஆளுக்கொரு பக்கமா நடந்துக்கிட்டே குடிக்கப் போயிட்டாங்க. அவளுக்கு உசுரு வந்துச்சு.

அப்புறம் சுள்ளி பொறுக்கலாம்னு கூடாரத்துக்குப் பின்னாடி போனா. ஒரு புதரு. அடியில மண்ணு காப்பி நிறத்துல ஈரம். எறும்பு மொச்சு மொச்சுனு மொய்க்குது. இலையில பாலேடு தொங்குது. பதினோரு டம்ளரையும் அந்தப் புதரே குடிச்சிருக்கு.

"அவங்க ஏன் நல்லால்லன்னு சொல்லல?"

அவ மனசு நோகுமேன்னுதான். நல்லவங்கப்பா அவங்க.

வீட்டுக்கு வந்து பில்டரைப் பிரிச்சு, மேல்பாத்திரத்தை வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சா. ஓட்டை எல்லாம் மினுக் மினுக்னு தெரியணுமில்ல? பாதி இருட்டா இருக்கு. பழைய தூளு அடைச்சுக்கிட்டு உள்ளேயே ஊசிப்போயிருக்கு. அப்போ அவளுக்கு ஆத்திரம். பாத்திரம் தேய்க்கிற பவுடரை ஒரு கை அள்ளிப் போட்டு, தேங்காநாரால கர்ரு கர்ருனு தேய்ச்சா. தேய்ச்ச தேய்ப்புல விரல் வெந்து போச்சு. பில்டரு தங்கமாட்டம் மின்னுச்சு. ஆனா ஓட்டைக்குள்ள போன சோப்பு அங்கேயே தங்கிருச்சு. பழைய மூக்கா இருந்தா எட்டி நின்னே சொல்லியிருக்கும்.

தை மாசம் ரெண்டாவது தடவை. இந்தத் தடவை எல்லாரும் ஒரு வாய் குடிச்சாங்க. அப்புறம் ஒருத்தருக்கு வயிறு சரியில்லயாம். அடுத்தவருக்கும் சரியில்லயாம். பதினோரு வயிறும் ஒரே காலையில சரியில்லாமப் போச்சு. மாராயி சிரிச்ச முகமா டம்ளரை எல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டா. ஓடைப்பக்கம் போய் டம்ளரைக் கவுத்தா, நுரை பொங்கிப் பொங்கி மிதந்து போச்சு. சோப்பு போகலன்னு அப்போதான் அவளுக்குப் புரிஞ்சுச்சு.

அப்புறம் மூணாவது தடவைக்கு என்ன பண்ணினா தெரியுமா? முதல்ல மேல்பாத்திரத்தோட ஓட்டை அடியைத் தணல்ல காட்டினா. அடைச்சுக் கிடந்த தூளெல்லாம் சட்சட்டுனு எரிஞ்சு உதிர்ந்துச்சு. அப்புறம் ஊசியால ஒவ்வொரு ஓட்டையா குத்தினா. அப்புறம் கொதிக்கிற தண்ணியை மூணு தரம் ஊத்தி இறக்கினா. பவுடரு இல்ல, வெறும் புளியும் சாம்பலும். மேல்பாத்திரம், கீழ்பாத்திரம், தூளை அமுக்குற குடை, மூடி, நாலையும் தனித்தனியாக் கவுத்து மூணு நாள் வெயில் காட்டினா. மூடியை மூடவே இல்ல. வெள்ளைத் துணியில தளர்த்தியாச் சுத்தி, மண்ணெண்ணெய் அடுப்பு வாடை ஒட்டாத இடமாப் பாத்து ஆணியில மாட்டினா.

ஆனா சுத்தமாச்சான்னு எப்படித் தெரியும்? எறும்புக்கு முன்னாடி வெச்சா. எறும்பு ஓரமாச் சுத்திக்கிட்டுப் போயிருச்சு. தெருநாய்க்கு முன்னாடி வெச்சா. நாய் மோந்து பாத்துட்டு, இவ முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்துருச்சு. கடைசியில தானே மூக்கை உள்ள விட்டு ஸ்ஸ்ஸ்னு இழுத்தா. பித்தளை சில்லுனு இருந்துச்சு, அவ்வளவுதான்.

ம்.

பங்குனியில மலைக்குப் போனாங்க. விடியறதுக்குள்ள எந்திரிச்சுத் தண்ணி காய வெச்சு, பில்டர்ல ஊத்திட்டா. சொட்... சொட்... அப்போ சற்குணம் சார் வந்தார். சுத்தி வளைச்சுப் பேசினார். பனி ஜாஸ்தியா இருக்குன்னார், அவ முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டார்.

அப்புறம்தான் சொன்னார்: "நீங்க எதுக்குக்கா சிரமப்படணும். பாக்கெட் தூள் கொண்டாந்திருக்கோம். சுடுதண்ணி மட்டும் குடுங்க, போதும்."

"சரிங்க சார்"னா.

பதினோரு டம்ளர்லயும் வெறும் சுடுதண்ணி ஊத்திக் குடுத்தா. பில்டர் பாட்டுக்குச் சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

அப்போ மேட்டுப்பக்கமிருந்து ஃபாரெஸ்ட் வாட்சர் பொன்னுரங்கம் வந்தார். யார்கிட்டயும் பேசல. நேரா அடுப்புக்குத்தான் வந்தார். "ஏனுங்க அம்மிணி, அந்த மேட்டுக்கு அந்தாண்ட வரைக்கும் கமகமன்னு வருதுங்க. ஒரு டம்ளர் கெடைக்குங்களா?"

அவ கலந்து குடுத்தா. அவர் எங்கேயும் நகரல. அவளுக்கு எதுத்தாப்புல குத்துக்கால் போட்டு உக்காந்து, மடக் மடக்னு குடிச்சார். இன்னொண்ணு கேட்டார். அப்புறம் இன்னொண்ணு. நாலு டம்ளர் குடிச்சார்.

"நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

நெஜமாவேதான் கண்ணு. அவ ஆயுசுல போட்டதுலயே அதுதான் நல்ல காப்பி.

மாராயி அவர் தொண்டை ஏறி ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு இருந்தா. எத்தனை இரக்கம் இந்த மனுசனுக்கு, இந்த நாத்தத்தை எனக்காக நாலு டம்ளர் முழுங்குறாரேன்னு நெனச்சா. அவளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

அப்புறம் பில்டரைக் கழுவித் துடைச்சு, அந்த வெள்ளைத் துணியில சுத்தி, அவர் கையில குடுத்தா. இனிமே எனக்கு இது வேண்டாம், உங்க குடிசையில இருக்கட்டும்னா. அவருக்கு ஒண்ணும் புரியல. இவ்வளவு நல்ல சாமானத்தை ஏன் குடுக்குறீங்கன்னு கேட்டார். கழுவினதும் மூடாதீங்க, நாலையும் தனித்தனியா வெயில் காட்டுங்கன்னா.

"எடுக்கும்போது ஒருக்கா மோந்து பாத்துட்டு எடுங்க."

"நீங்க அப்படித்தான் பாப்பீங்களாக்கும்?"

"அப்படித்தான் பாப்பேன்"னா மாராயி.

அதுக்கப்புறம் வைகாசியில சார் கூட்டம் வந்து கூப்பிட்டுச்சு. முட்டி வலின்னுட்டா. ஆடியிலயும் கூப்பிட்டாங்க. புரட்டாசியில கூப்பிடல. மேல வாட்சர் குடிசையில தினம் விடியறப்போ காப்பி இறங்கும். காத்து கீழ்முகமா அடிச்சா அந்த வாசம் மரத்துக்கு மரம் தாண்டி, அடிவாரம் வரைக்கும், மாராயி வீட்டு வாசல் வரைக்கும் வரும். அவ வாசல் கூட்டிக்கிட்டு இருப்பா. அது பாட்டுக்கு வந்து, அவளைத் தாண்டிப் போயிரும்.

"அவ சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருக்கலாம்.

"அவங்களும் சொல்லியிருக்கலாமில்ல?"

ம். கதை ஆறிப்போச்சு கண்ணு. ஆறினதைச் சூடு பண்ணக் கூடாது. போர்வையை இழுத்துக்கோ, தூங்கு.