ஐப்பசிக் குழி

"மண்ணு சரியில்லம்மா. நட்ட செடி சாகுது" என்றார் குலசேகரன்.

முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அதட்டிப் பேசித்தான் பழக்கம். அன்றைக்கென்னவோ குரல் கம்மியிருந்தது.

எதிரே நின்றவள் தனபாக்கியம். வயதில் அவருக்குப் பாதிதான் இருப்பாள். காலையில் தெருக் கூட்டுவாள். மதியத்துக்கு மேல் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் உரக்கொட்டகை அவள் ராஜ்யம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற இடம்.

"என்ன செடி சார்?"

மனோரஞ்சிதம். அவர் மனைவி வேதவல்லி ஒன்பது வருஷம் தொட்டியில் வளர்த்தது. அவள் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வாரமே தொட்டி விரிசல் விட, இவர் செடியைத் தரையில் நட்டார். நாலு விரல் தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான். வீடு கட்டினவர்கள் கொட்டி மூடிவிட்டுப் போனது. இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது.

இதுவும் போய்விட்டால் அவள் கைபட்டது என்று உயிரோடு எதுவும் மிஞ்சாது. அதைச் சொல்லும்போது மனுஷன் அழுதேவிட்டார்.

தனபாக்கியம் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. குப்பை மக்கி உரமாகிக்கொண்டிருந்த ஒரு குழியில் குத்தி வைத்திருந்த இரும்புக் கம்பியை உருவி நீட்டினாள்.

தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"யாரு தீ வச்சது?"

"யாரும் வைக்கல சார். அதுவாச் சுடுது."

"எப்ப ஆறும்?"

"ஆறும்போது ஆறும். அவசரப்பட்டுப் போட்டா வேரு வெந்துடும்."

அதுவரைக்கும் செடிக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வரச் சொன்னாள்.

அவருக்கு அந்தக் கம்பி மனசை விட்டுப் போகவில்லை. நெருப்பில்லாமல் எப்படிச் சுடும்? மறுநாளும் வந்து தொட்டுப் பார்த்தார். அதற்கும் மறுநாள் வந்தார். சும்மா நிற்கிறவருக்கு வேலையா கொடுக்கத் தெரியாது அவளுக்கு? குழியில் போடக் குப்பையோடு வந்த மாலைகளிலிருந்து நூலைப் பிரிக்க உட்கார வைத்துவிட்டாள்.

கோயில் மாலையை மடியில் போட்டுக்கொண்டு பிரிப்பார். சவ ஊர்வலத்தில் தெருவில் இறைத்த பூ வந்தால் மட்டும் குச்சியால் ஓரமாகத் தள்ளுவார். தப்பித் தவறி விரல் பட்டால் போச்சு, மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவுவார். தனபாக்கியம்தான் மக்கில் மோந்து ஊற்ற வேண்டும். முகம் சுளிக்காமல் ஊற்றினாள்.

"சாவுப் பூ கலந்த உரம் அந்தச் செடிகிட்ட வரக் கூடாது, ஆமா" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். வேதவல்லி சுத்தபத்தமாக இருந்தவளாம்.

அவள் அதற்கும் தண்ணீரைத்தான் ஊற்றினாள்.

தை பிறந்தது. செடியில் மிச்சம் ஆறு இலை.

ஒருநாள் கம்பியைத் தொட்டார். சுடவில்லை. மேலும் கீழும் தடவிப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

தனபாக்கியம் குழிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பாக, உதிரி உதிரியாக இருந்தது. நாற்றம் வரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டவர், பிறகு விட்டுப் பார்த்தார். முதல் மழைக்கு நனைந்த மண்வாசனை.

"அடேயப்பா. இதுல என்னம்மா போட்டே?"

"முட்டைக்கோஸ் இலை, வாழை மட்டை, அம்மன் கோயில் மாலை." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் ஐப்பசியில உங்க தெருவுல கூட்டின பூவு."

"எங்க தெருவுலயா?"

"அந்த மாசம் உங்க தெருவுல ஒரே ஒரு ஊர்வலந்தான் சார் போச்சு."

குலசேகரன் கையைப் பார்த்தார். விரல்கள் தானாக மூடிக்கொண்டன.

பிறகு அவள் வழக்கம்போல சோப்பையும் மக்கில் தண்ணீரையும் கொண்டுவந்து நின்றாள். ஒரு மூட்டையும் தயாராகக் கட்டி வைத்திருந்தாள்.

"தண்ணி இருக்கட்டும்" என்றார் அவர். "மூட்டையைத் தோள்ல ஏத்தி விடுங்கம்மா."