புள்ளிமானுக்குப் புள்ளி வைத்த கதை

முன்னொரு காலத்தில், மான்களுக்கு அரண்மனை மேல் பயமும் அரண்மனைக்கு மான்கள் மேல் பயமும் இல்லாதிருந்த ஒரு ராஜ்யத்தில், அரிமுடி மகாராஜா காலையில் காட்டோரம் உலாவப் போனார். வழியில் நின்று, வெள்ளிச் செப்பைத் திறந்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். எதிரே மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான் ஒன்று தலையை நிமிர்த்தி, அவர் முகத்துக்கு நேராகத் தும்மியது.

உடனே சபை கூடியது.

"நம் காட்டு மான்களுக்கு நோய் கண்டிருக்கிறது" என்றார் மகாராஜா. "நோய் கண்டதை இன்று மாலைக்குள் எய்துவிட வேண்டும். நல்லதன் மேல் ஓர் அம்புகூடப் படக்கூடாது. நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"பார்த்தாலே தெரியும் பிரபு" என்று எழுந்தார் காட்டதிகாரி மதிவாணராயர். அவரிடம் ஓலை தயாராக இருந்தது. மான்கள் தும்முவதற்கு முன்பே அவர் எழுதி வைத்திருப்பாரோ என்று விகடகவி கொழுந்தப்பனுக்குச் சந்தேகம்.

ராயர் வாசித்தார். "தலை தொங்கும். வாய் ஓயாமல் அசைபோடும். கண் சொருகும். கடைவாயில் நீர் வழியும். அடிக்கடி சொறிந்துகொள்ளும். கூப்பிட்டால் வராது. இக்குறிகள் உள்ள பிராணிக்கு வெள்ளைப் புள்ளி இடுக. வெள்ளைப் புள்ளி உள்ள பிராணியை வில்லாளிகள் எய்க." மான் என்று எழுதாமல் பிராணி என்று எழுதியது, காட்டுப்பன்றிகளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்ற நல்லெண்ணத்தில்.

"புள்ளி வைக்க யார் போவது?"

"நம் விகடகவிதான்" என்றார் ராயர். "முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்கிறவர் ஆயிற்றே. ஒன்று தவறினாலும் தம் தலையைத் தருவார்."

"தருவாயா கொழுந்தப்பா?"

"என் வீட்டில் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை பிரபு. தருகிறேன்."

சபை சிரித்தது. மகாராஜா ஓலையில் முத்திரை குத்தி அவன் கையில் கொடுத்துவிட்டார். சிரிப்பு வரும் என்று தெரிந்தால் கொழுந்தப்பனுக்கு வாயை அடக்கத் தெரியாது.

சுண்ணாம்புச் சட்டியோடு காட்டுக்குள் போன பிறகுதான் ஓலையை யோசித்துப் பார்த்தான். எந்த மான் அசைபோடவில்லை? எந்த மான் சொறிந்துகொள்ளவில்லை? "இங்கே வா" என்று ஓர் ஆண்மானைக் கூப்பிட்டுப் பார்த்தான். அது வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. ஓலைப்படி காடு முழுக்க நோய்.

வந்தது ஒன்றே ஒன்று, முன்னங்கால் நொண்டும் கிழப் பெண்மான். தினமும் அவன் வீட்டு வேலியருகே வந்து வாழைப்பழத்தோல் வாங்கித் தின்னும். தின்னும்போது அவனை மேலும் கீழும் பார்க்கும் பார்வையை முன்னிட்டு அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தான். இன்று அதன் மோவாயில் பூசணி விதைகள் ஒட்டியிருந்தன.

"அம்மா, பூசணி எங்கே கிடைத்தது?"

மாமியார் ஒரு விதையை நக்கி விழுங்கியது. அந்த வட்டாரத்தில் பூசணித் தோட்டம் ராயருடையது ஒன்றுதான்.

அப்போது கூட்டத்துக்குள் நிஜமாகவே ஒரு நோயாளியைக் கண்டான். ரோமம் கொட்டி, தோல் வெடித்து, விலா எலும்பெல்லாம் தெரிந்த ஆண்மான். பக்கத்தில் போய் அதன் முதுகில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தான். அது துள்ளிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. கூட்டம் கலைந்து ஓடியது. கொழுந்தப்பன் தான் வைத்த புள்ளியைத் தேடினான்.

எங்கே பார்த்தாலும் வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு முதுகிலும் நூறு, இருநூறு.

புள்ளிமானுக்குப் புள்ளி வைத்த முதல் அறிவாளி நாம்தான் என்று நினைத்துச் சிரிக்கப் போனவன், பாதியில் நிறுத்தினான். மாலையில் வில்லோடு வருகிறவர்கள் எதை எய்வார்கள்? எல்லாவற்றையும்தான். மாமியாரால் ஓடவும் முடியாது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

அங்கே மதியச் சாப்பாடு முடிந்து சபை நடந்துகொண்டிருந்தது. அதாவது, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலைகள் தொங்கின. ஒருவர் தூக்கத்திலேயே வெற்றிலை மென்றார். ஒருவர் முதுகைத் தூணில் தேய்த்தார். "ராயரே" என்று மெல்லக் கூப்பிட்டான். ராயர் வரவில்லை. ஓலையை ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு அவர் மூக்கு நுனியில் புள்ளி வைத்தான். வரிசையாக மற்றவர்களுக்கும். சிம்மாசனத்தின் முன் ஓலையை மறுபடி பார்த்தான். மகாராஜாவின் கடைவாயிலும் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது.

சற்று நேரத்தில், காட்டுக்குப் புறப்படும் முன் விடைபெற வில்லாளிகள் உள்ளே வந்தார்கள். அவர்கள் தலைவன் இருளப்பன், சொன்னதைச் செய்பவன், சொல்லாததை நினைக்காதவன். கனைத்தான். சபை விழித்தது.

"உத்தரவுப்படி வந்திருக்கிறோம் பிரபு" என்றவன் சபையைச் சுற்றிப் பார்த்துத் தயங்கினான். "பதினேழு பிராணி இருக்கிறது. யாரிலிருந்து ஆரம்பிக்கட்டும்?"

மகாராஜா ராயரின் மூக்கைப் பார்த்தார். ராயர் மகாராஜாவின் கன்னத்தைப் பார்த்து வாயைப் பொத்தினார்.

"கொழுந்தப்பா, இது என்ன?"

"ஓலைப்படி பார்த்தேன் பிரபு. தங்களுக்கு இரண்டு குறிதான். ராயருக்கு ஆறும் இருந்தது. எனக்கும் மூன்று இருந்ததால் நானும் வைத்துக்கொண்டேன்" என்று தன் நெற்றியைக் காட்டினான்.

"மானைத்தானே சொன்னேன்" என்று ராயர் கத்தினார்.

"வெள்ளைப் புள்ளி இல்லாத மான் நம் காட்டில் எத்தனை ஐயா?"

"ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தானே..." ராயர் நிறுத்திக்கொண்டார்.

"அதனால்தானே?" என்றார் மகாராஜா.

"தம் தோட்டத்துப் பூசணி பிழைக்கும் என்று ராயர் சொல்ல வருகிறார்" என்றான் கொழுந்தப்பன். "நோயாளி ஒன்றே ஒன்று இருக்கிறது பிரபு. அதைத் தனியே அடைத்து மருந்து போடுவோம். தேறாவிட்டால் இருளப்பன் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவை நன்றாகத்தான் இருக்கின்றன."

"பிறகு ஏன் என்னைப் பார்த்து அது தும்மியது?"

கொழுந்தப்பன் மகாராஜாவின் மடியிலிருந்த வெள்ளிச் செப்பைத் திறந்து ராயரின் புள்ளி வைத்த மூக்கருகே நீட்டினான். ராயர் தும்மினார். சுண்ணாம்பு பறந்தது. இருளப்பன் அம்பை எடுத்தான்.

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. உத்தரவு கிழிக்கப்பட்டது. பூசணித் தோட்டத்தில் பாதி மான்களுக்கு என்று ஆனது. வெள்ளிச் செப்பு கொழுந்தப்பனுக்குப் பரிசு. "காட்டுக்கு நான் இதைக் கொண்டு போகாமலாவது இருப்பேன்" என்றார் மகாராஜா.

மறுநாள் காலை மாமியார் வேலியருகே வந்தது. பழத்தோலைத் தின்றது. அவன் இடுப்பில் செருகியிருந்த வெள்ளிச் செப்பை முகர்ந்தது. பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

கொழுந்தப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. செப்பைக் கிணற்றில் போட்டுவிட்டு, இன்னொரு பழம் உரித்தான்.